கேழ்வரகின் மேல் நின்ற வண்டி

1

அன்று வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஆளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஸ்டேரிங்கில் என் மகன் வேலு, வயது பதினெட்டும் இரண்டு மாதமும். அவனுக்கு வலப் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால், சீட்டைக் கழற்றிவிட்டுப் போட்ட பலகையில், என் மனைவி அஞ்சலையும் அவளோடு மீன் விற்கும் பாக்கியமும். அவர்கள் காலடியில் ஐந்து கூடை மீன். மூன்றில் நெத்திலி, ஒன்றில் கவலை, ஒன்றில் கிழங்கான். நான்கு உயிர், ஐந்து கூடை, அவ்வளவுதான். பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போனதாகக் கடலூர் வரைக்கும் பேசிக்கொண்டார்களாம். அது பொய்.

இன்றோடு அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. நான் இங்கே சைகோனில் ஒரு துணிக்கடையின் வண்டியை ஓட்டுகிறேன், பதினைந்து வருஷமாக. ஊர், கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரத்துக் குப்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் எழுதுகிறேன். கோணல் மாணல் இருந்தால் நிமிர்த்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை சோலோன் போகிற ரோட்டில் ஒரு லாரி என் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு ஆரனை அழுத்தியபடியே வந்தது. ஒதுங்கி வழி விட்டேன். பக்கத்தில் இருந்த கடைக் கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணே, நாம முன்னாடி போறோம், அவனுக்கு எதுக்கு விட்டீங்க?" என்றார். "வழிதானே கேக்கறான், நம்ம வண்டியவா கேக்கறான்?" என்றேன். சொல்லிவிட்டுப் பிறகுதான் நினைத்தேன், இது என் பேச்சே இல்லை, என் மகன் பேச்சு.

2

கடல்புறத்துப் பெண்கள் மீன் விற்கும் பாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் கட்டுமரம் கரையேறும். மீனைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்தால் வில்லியனூர் மார்க்கெட் வரை ஓட்டமும் நடையும்தான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கண்டக்டர் படியிலேயே மறித்து, "மீன் கூடை ஏறாது, நாத்தம்" என்பான். மதியம் அதே கண்டக்டர் வீட்டில் மீன் குழம்புதான்.

வேலுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அலை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். மூன்று முறை மரத்தில் ஏற்றிப் பார்த்து மூன்று முறையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மீன்காரன் பிள்ளைக்குக் கடல் வாந்தி என்றால் குப்பம் சும்மா இருக்குமா? அவனுக்குக் "கரை வேலு" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அஞ்சலை அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவர்தான் தன் கைச்சரக்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

நான் படித்துவிட்டு நான்கு நாள் தூங்கவில்லை. கவலைப்படுவது எனக்குக் கைவந்த தொழில். ஆனால் கவலைப்பட்டுக்கொண்டே கணக்கும் போடுவேன். நான்கு வருஷ சேமிப்பு இருந்தது. மூன்று மாத லீவு கேட்டு ஊருக்கு வந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயத்தில் ஊரைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன சின்ன வேன் ஒன்று, இரண்டு கை மாறிப் பாகூரில் ஒரு கரும்புக்காரர் கொட்டகையில் கிடந்தது. வாங்கினேன். பெண்கள் மீனை வேனில் ஏற்ற வேண்டும், வேலு ஓட்ட வேண்டும், நான் கப்பல் ஏறுவதற்குள் அவன் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். சம்பள டிரைவர் வைக்க மீனில் லாபம் கிடையாது. கரும்புக்காரரே பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாக நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தார். வண்டி போனால் வேலுவும் அவரிடமே கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான்.

வண்டி பிரான்சில் செய்தது. ஸ்டேரிங் இடப் பக்கம். நம் ரோட்டிலோ இடப் பக்கமாகவே போக வேண்டும். அதனால் ஓட்டுகிறவன் ரோட்டோரத்துப் புளியமரத்தை நன்றாகப் பார்ப்பான், எதிரில் வருகிறதைப் பார்க்க மாட்டான். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால் அதைத் தாண்டலாமா என்று வலப் பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்கு இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு டிரைவர்.

3

லைசென்ஸ் ஆபீஸில் என் சைகோன் காகிதத்தை நீட்டினேன். பிரெஞ்சில் இருந்தது. மேசையில் இருந்த வயதானவர் முழுக்க வாசித்து, "ரொம்பச் சரி முசே" என்றார். உள்ளே இருந்த புது அதிகாரி இங்கிலீஷில் கொண்டு வா என்றார். இங்கிலீஷாக்கினேன். இது எந்த தேசத்துக் காகிதம் என்றார். சொன்னேன். அந்த தேசத்தில் எந்தப் பக்கம் ஓட்டுவீர் என்றார். வலப் பக்கம் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

பதினான்கு வருஷம் ஓட்டியவன், புதுசாகப் பரீட்சை கொடுத்தேன். எட்டுப் போட்டுக் காட்டினேன். கைச்சைகை காட்டினேன். தேறினேன். அப்போதுதான் மகனுக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமை கிடைத்தது. அதற்குள் லீவில் பாதி போய்விட்டது. அதிகாரி மேல் எனக்கு அன்றைக்குக் கோபம். இன்றைக்கு இல்லை. அவர் பேனாவை மூடியது சரிதான். காகிதம் மாறிவிட்டது, என் கை மாறவில்லை. அது எனக்கே தெரியாமல் இருந்தது.

4

முதல் பாடங்கள் மணல் ரோட்டில். பிறகு தண்ணீர் வற்றிய ஏரியோரம். கிளச்சு, கியர் எல்லாம் வேலு சீக்கிரம் பிடித்துக்கொண்டான். தொந்தரவு என்னிடம்தான். எனக்குப் பாதி வார்த்தை தமிழில் வராது. ஸ்டேரிங்கை "வொலான்" என்பேன், பிரேக்கை "ஃப்ரேன்" என்பேன். அவன் சரியென்று தலையாட்டிவிட்டுத் தன்பாட்டுக்கு மிதிப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் என்னை "நீங்க" என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அப்பனை அப்படிக் கூப்பிடுவதில்லை. "யப்பா, நீ எங்க போற" என்பதுதான் வழக்கம். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறவனுக்கு மரியாதைதான் கிடைக்கும் போலிருக்கிறது. அம்மாவிடம் பேசும்போது என்னை "அவரு" என்றான். "அவரு சோறு துன்னாராம்மா?" என்று கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

நான் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று. எதிரில் வருகிறவன் முகத்தைப் பார்க்காதே, முன் சக்கரத்தைப் பார். முகம் மிரட்டும், சக்கரம் உள்ளதைச் சொல்லும். இதை இன்றைக்கும் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

மற்றது எல்லாம் பயம். பத்து அடிக்கு ஒரு தரம் "மாடு", "கோழி", "கெழவர் வராரு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பின்னால் பாக்கியம், "இன்னாண்ணே, ரோட்டுல கீறது எல்லாத்தையும் ஏலம் வுடறீங்க?" என்றாள்.

பெரிய பயம் கடலூர் ரோடு. முன்பெல்லாம் அந்த வழியில் சுங்கச் சாவடி உண்டு. பஸ் நிற்கும், மூட்டையை அவிழ்ப்பார்கள், பொழுது போகும். வேகம் என்ற பேச்சே கிடையாது. சாவடி எடுத்த பிறகு, கட்டவிழ்த்த காளை மாதிரி பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஒருவன் ஆளை இன்னொருவன் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க ஒருவனை ஒருவன் முந்துவான். அதில் ஒரு பச்சை பஸ். அதன் டிரைவர் கோவிந்தன், மாட்டு வண்டிக்காரன் முதல் கலெக்டர் வரை யாருக்கும் ஒதுங்க மாட்டான் என்று பேர் எடுத்தவன். அவன் ரோட்டின் நடுவில்தான் ஓட்டுவான்.

5

இங்கே சைகோனில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடைகளை மூடிவிடுவார்கள். மூன்று மணி வரை தூக்கம். நான் தூங்குவதில்லை. வண்டியை நிழலில் விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஆளை முன்னால் உட்காரவைத்துப் பின்னாலிருந்து மிதிக்கும் சிக்ளோ வண்டிகள் வலப் பக்கமாக, ஓர் எறும்பு வரிசை போல. இதைப் பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. ஏதாவது எதிரில் முட்ட வந்தால் உடம்பு முழுக்க வலப் பக்கம் சாயும், யோசிக்காமலேயே. சாப்பிடும் கை எது என்று யாராவது யோசிப்பார்களா, அது மாதிரி.

6

அன்று வேலுவின் முதல் கடலூர் ரோடு. காலை ஏழு மணி. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கேழ்வரகு அறுப்பு சமயம். எங்கள் பக்கத்தில் களம் இல்லாதவர்கள் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தே மணி உதிர்ந்துவிடும். கூலி கிடையாது, மாடு வேண்டாம். பரப்பின பக்கம் ஏறிப் போகிற வண்டிக்காரனை யாரும் திட்ட மாட்டார்கள். ஒதுங்கிப் போகிறவனைத்தான் "கொஞ்சம் மேல ஏறிப் போயேன்டா" என்பார்கள்.

கிருமாம்பாக்கத்தில் ரோடு ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு பஸ் வந்தது. ஆரன், ஆரன், ஆரன்.

"வேகமா போடா" என்றேன்.

வேலு வேகத்தைக் கூட்டவில்லை. ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி, போ என்று ஆட்டினான்.

"இன்னாத்துக்கு வுட்ட? நம்ம பின்னால வரட்டுமே."

"வழிதானே கேக்கறான். நம்ம வண்டியவா கேக்கறான்?"

பஸ் தாண்டும்போது படியில் நின்ற கண்டக்டர் மூக்கைப் பொத்திக் காட்டினான். பாக்கியம் விடுவாளா? ஜன்னலில் தலையை நீட்டி, "மூக்க நல்லாப் பொத்திக்கடா, வாயத் தொறந்தா ஒன் நாத்தம் தாங்காது" என்றாள். அஞ்சலை சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

அடுத்து ஒரு திருப்பம். திருப்பத்தைத் தாண்டியதும் எங்கள் பக்கத்துப் பாதி ரோட்டில் கேழ்வரகுக் கதிர், ஒரு முழ உயரத்துக்குக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் ஓர் அம்மாள் கோலோடு நின்றிருந்தாள். வலப் பக்கத்துப் பாதி ரோடு வெறுமையாக இருந்தது. அதில் போகலாமா என்று நான்தான் எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். எதிரில் பச்சை பஸ் வந்துகொண்டிருந்தது, ரோட்டின் நடுவில், வெளிச்சத்தைப் போட்டு அணைத்துக்கொண்டு.

நான் கத்தினேன்.

"சோத்துக்கைப் பக்கம்! சோத்துக்கைப் பக்கம் ஒடிடா!"

"கம்முனு இருப்பா!" என்றான் வேலு.

ஸ்டேரிங்கைப் பீச்சாங்கைப் பக்கம் ஒடித்தான். வண்டி கேழ்வரகின் மேல் ஏறியது. பிரேக்கை அழுத்தினான். கதிர்த்தாளின் மேல் சக்கரம் வழுக்கியது, இழுத்தது, கதிர் முன்னால் சுருண்டு மேடாக வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டது. என் காதோரமாகப் பச்சை பஸ் போனது. கண்ணாடி தெறித்தது. முன் மட்காடு தகரச் சத்தத்தோடு மடங்கியது. பின்கதவு திறந்துகொண்டு இரண்டு கூடை நெத்திலி கேழ்வரகின் மேல் கொட்டியது.

வண்டி நின்றது. நான் என் கையைப் பார்த்தேன். அது இன்னும் வலப் பக்கம் காட்டிக்கொண்டு இருந்தது. நான் சொன்ன பக்கம் அவன் ஒடித்திருந்தால் நேராகப் பஸ்ஸின் நெற்றியில் போயிருப்போம்.

7

பஸ்ஸில் இருந்தவர்கள் கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். கோவிந்தன் இறங்கி வந்தான். தொடையைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"யார்றா ஓட்டுனது? இந்தப் பொடியனா? எல் போர்டு போட்டுகினு கடலூர் ரோட்டுக்கு வந்துட்டியா? மணல்ல ஓட்டறதுதான?"

வேலு ஸ்டேரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பாக்கியம் கீழே இறங்கித் தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொண்டு, மனதில் கள்ளம் இல்லாமல் ஒரு பேச்சு பேசினாள்.

"அண்ணன் சோத்துக்கைப் பக்கம்னு அப்பிடிக் கத்துனாரே, இவன் ஏன் இந்தப் பக்கம் ஒடிச்சான்?"

கோவிந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். நான் யார் என்பது அந்த ரோட்டுக்கே தெரியும். "கேட்டீங்களாய்யா? பெத்த அப்பன் சொல்றான், புள்ள கேக்கல. சைகோன்ல பதினாலு வருஷம் ஓட்டுன ஆளு அவரு. அவரு பேச்சையே மதிக்காத கத்துக்குட்டிக்கு ஸ்டேரிங் ஒரு கேடு. மட்காடு போனது உன் கொழுப்பால."

பஸ் ஜனம் முழுக்க வேலுவைப் பார்த்தது. அதில் எங்கள் குப்பத்து ஆட்களும் இரண்டு மூன்று பேர். ஒருவன், "கடலும் ஆவல, ரோடும் ஆவல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. வேலு கதவைத் திறந்து இறங்கப் போனான். இறங்கினால் அவன் அந்த சீட்டில் மறுபடி ஏற மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன், நான் உடனே வாய் திறக்கவில்லை. குப்பத்தில் எனக்கு இருக்கிற பேரே சைகோன் டிரைவர் என்பதுதான். மற்றபடி நான் வருஷக்கணக்கில் ஊரில் இல்லாத ஆள். அதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று யோசித்தேன். ஒரு பீடி பற்ற வைக்கிற நேரம் யோசித்தேன்.

பிறகு இறங்கி, வேலுவின் கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

"நான் சொன்னது தப்பு" என்றேன். "சைகோன்ல வலப் பக்கம் ஓட்டறது. அந்தப் பழக்கத்துல கத்திட்டேன். எம் பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் நாலு பேரும் பொணம். எம் புள்ள சரியாத்தான் ஓட்டுனான். கத்துக்குட்டி நான்தான்."

கோவிந்தன் சிரித்தான். "அப்ப தப்பு உங்க வண்டிது தானே?"

அதற்குப் பதில் கேழ்வரகுக்காரம்மாள் சொன்னாள். அதுவரை கதிரின் மேல் கொட்டிக் கிடந்த நெத்திலியை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தவள், கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். பேர் முனியம்மா என்று பிறகு தெரிந்தது.

"அவுரு எந்தப் பக்கம் கத்துனா இன்னாடா? நீ எந்தப் பக்கம் வந்த? காலைலேர்ந்து நிக்கறேன், எட்டு வண்டி போச்சி. எல்லாம் அவனவன் பக்கத்துல போச்சி. நடுரோட்டுல வந்தவன் நீ ஒருத்தன்தான். இந்தப் புள்ள என் கதிர் மேல ஏறி நிக்கலன்னா ஒன் பஸ்ஸு இன்னாத்துக்கு ஆவும்?"

"ஆயிரம் பேசு, ஒன் கேவுரு போச்சே, அதுக்கு யாரு பொறுப்பு?" என்றான் கோவிந்தன்.

"கேவுருக்கு இன்னா? மிதிக்கத்தான் போட்டேன், மிதிச்சான். நெத்திலிதான் கொட்டிப்போச்சி. களியும் கொழம்பும் ரோட்டுலயே சேந்துடுச்சி, துன்றவங்கதான் பாக்கி."

பஸ்ஸே சிரித்தது. குப்பத்து ஆள் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோவிந்தனின் வேகம் இறங்கிவிட்டது. பஸ்ஸில் இருந்த பெரியவர்கள் அங்கேயே பேசி முடித்தார்கள். கண்ணாடிக்கும் மட்காடுக்கும் இருபது ரூபாய். கையில் இருந்த ஐந்து ரூபாயைக் கோவிந்தன் கொடுத்தான். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமாம்பாக்கம் டீக்கடையில் கொடுத்து வைக்க வேண்டும். முனியம்மாவுக்கு நாங்கள் அரைக் கூடை நெத்திலி கொடுத்தோம். பொறுக்கிக்கொள்வதும் அவள் பொறுப்பு.

நான் வலப் பக்கம் ஏறப் போனேன். அஞ்சலை என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் பத்துப் பேருக்கு முன்னால் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீ பின்னாடி போய்க் குந்து. அங்க நான் குந்தறேன்."

"ஒனக்கு இன்னா தெரியும் அஞ்சல?"

"வண்டி வருதா, வரலியா. அது தெரியும்."

நான் மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அவள் இரண்டே வார்த்தைதான் பேசினாள். வழி இருந்தால் "காலி", இல்லாவிட்டால் "இரு". மாடும் கோழியும் கிடையாது. வேலு கிளப்பினான். முதல் கியர் கொஞ்சம் உறுமியது. பிறகு வில்லியனூர் வரை எங்கும் உறுமவில்லை. "அண்ணே, ஏலம் நின்னுபோச்சா?" என்று பாக்கியம் என் விலாவில் இடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான்கு வருஷத்துத் தூக்கம் அது.

8

நான் கப்பல் ஏறுவதற்கு ஒன்பது நாள் முன்னால் வேலு தேறினான். அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டேரிங் இந்தப் பக்கம் இருக்கே, எதிரில் வருவது எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம். "எங்கம்மா சொல்லும் சார்" என்றிருக்கிறான். அவர் பேனாவை மூடாமல் கையெழுத்துப் போட்டார். கரும்புக்காரர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவன் கடிதங்கள் மூன்று வாரத்துக்கு ஒன்று வருகின்றன, சின்னதாக. வெளியூரில் இருப்பவனுக்கு ஊர்க் கடிதத்தைப் பிரிக்கும்போது கவலை வரும். எனக்கு எப்போதும் வரும், வெற்றுக் கவரைக் கண்டாலும் வரும். ஆனால் வண்டியைப் பற்றி நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். இப்போது ஏழு பெண்களின் கூடை அதில் ஏறுகிறது. "கரை வேலு" என்று இப்போதும் கூப்பிடுகிறார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டியில் இடம் பிடிக்க, கெஞ்சிக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

போன கடிதத்தில் நான் கோவிந்தனைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறதே, டீக்கடையில் மிச்சப் பணத்தைக் கட்டி முடித்தானா, இல்லை என்றால் பஸ் முதலாளிக்கு ஒரு காகிதம் எழுதிப் போடட்டுமா என்று. அதற்குப் பதில் நேற்று வந்தது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"யப்பா, நீ யாருக்கும் எழுதாத. அவரு இரண்டு மூன்று தடவையா ஏழரை ரூபா கொடுத்தாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. நானும் கேக்கல, அம்மாவும் கேக்கல. பாக்கியம் அத்தை கேக்கப் போனதை நான்தான் தடுத்தேன். கடன் வெச்சிருக்கிற வரைக்கும் நம்ம வண்டியைத் தூரத்தில பாத்தாலே பஸ்ஸை ஓரம் கட்டிட்டு வேற பக்கம் திரும்பிக்கிறாரு. தீத்துட்டாருன்னா மறுபடியும் நடுவுலதான் வருவாரு."

நான் காகிதம் எழுதவில்லை. கடலூர் ரோட்டில் அந்தப் பச்சை பஸ் டிரைவரிடமிருந்து என் மகனுக்கு வர வேண்டிய பாக்கி ஏழு ரூபாய் ஐம்பது நயா பைசா.